நாக்குமீனும் பாப்பாவின் இடக்கண்ணும்

விலங்கியல் படிப்பின் கடைசி வருடத்தில் நான் எடுத்த ஆய்வு நாக்குமீனைப் பற்றியது. நாகப்பட்டினம் துறைமுகத்தில் விசைப்படகுகள் கொட்டும் மீனில் அதைத் தேடிப் பொறுக்கி நீளம் அளப்பேன். கடலின் அடித்தரையை வாரிக்கொண்டு போகும் இழுவலையில்தான் அது சிக்கும். மணலோடு மணலாகப் படுத்திருக்கும். பெரியவை ஐஸ் போட்ட பெட்டிகளில் ஏற்றுமதிக்குப் போகும். சிறியவை கூடைக்காரப் பெண்களுக்கு, மீந்தால் கருவாடு.

குஞ்சில் அது மற்ற மீன்களைப் போலவே நிமிர்ந்து நீந்தும், பக்கத்துக்கு ஒரு கண்ணாக. பிறகு வலக்கண் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, தலையைத் தாண்டி, இடக்கண்ணுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடும். கண்ணில்லாத பக்கத்தைத் தரையில் வைத்து மீன் படுத்துவிடும். அதற்குப் பின் நிமிர்வதில்லை. தேர்வில் இதைப் படம் வரைந்து எழுதியிருக்கிறேன்.

கல்யாணமாகி நீடாமங்கலம் வந்தேன். கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. வீட்டில் நானும் மாமியாரும். கர்ப்பமாக இருந்தபோது நாக்குமீன் வாங்கித் தோலை உரித்துக்கொண்டிருந்தேன். மாமியார் பார்த்துவிட்டார்.

"வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டு இதத் திங்காத. புள்ளைக்குக் கண்ணு ஒரு பக்கமா போயிரும்."

அப்படி எதுவும் ஆகாது என்று விளக்கினேன். குழம்பு வைத்துச் சாப்பிட்டேன்.

பெண் குழந்தை பிறந்தது. ஆறாவது மாதத்தில் ஒருநாள் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த மாமியார், "பாப்பாவுக்கு இடது கண்ணு மூக்குப் பக்கம் போவுது பாரு. அப்பவே சொன்னேன், கேட்டியா?" என்றார்.

நான் எதையும் இரண்டு முறை பார்க்கிறவள். காய்ச்சல் இல்லாத குழந்தைக்கும் தெர்மாமீட்டர் வைப்பேன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. "மீன் தின்னா கண்ணு மாறாது அத்தை" என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன்.

காலை ரயிலில் நாகப்பட்டினத்திலிருந்து கூடையோடு வரும் மீன்காரம்மாவிடமும் மாமியார் இதைச் சொன்னார். அவர் சிரித்துவிட்டார்.

"அட போங்கக்கா. பெருசெல்லாம் கம்பெனிக்குப் போயிருது. நாங்க வயித்துப் புள்ளையோட திங்கிறதே இந்தப் பொடிசத்தான். அப்ப எங்க குப்பம் பூரா மாறுகண்ணாவுல்ல இருக்கணும்?"

பிறகு பாப்பாவின் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். "ஆனா கண்ணு கொஞ்சம் உள்ள வாங்குதுதான் தாயி. டாக்டருகிட்ட ஒருதரம் காட்டிருங்க."

அன்று கணவரிடம் போனில் குப்பத்துப் பதிலைச் சொல்லிச் சிரித்தேன். மீன்காரம்மா கடைசியாகச் சொன்னதைச் சொல்லவில்லை. மறைத்தேன் என்றும் சொல்ல முடியாது. அது எனக்குக் கணக்கிலேயே வரவில்லை.

இரண்டு மாத மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. விசைப்படகுகள் கரையில் நின்றன, மீன்காரம்மாவும் வரவில்லை. தடை முடிந்து வந்த முதல் நாள் கூடையை இறக்கியதும், "காட்டுனீங்களா?" என்று கேட்டார். பாப்பா அவரைப் பார்த்தாள். இடக்கண் மூக்கைப் பார்த்தது. இத்தனை நாளும் அது அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

அந்த வாரமே தஞ்சாவூர் போனோம். கண் மருத்துவர் சின்ன டார்ச்சை அடித்து, ஒவ்வொரு கண்ணாக மூடித் திறந்து பார்த்தார்.

"மாறுகண்தான். அந்தக் கண்ணைப் பயன்படுத்தாம ஒதுக்க ஆரம்பிச்சிருக்கா. எப்ப கவனிச்சீங்க?"

"இந்த வாரம்தான் டாக்டர்" என்றேன்.

மாமியார் பாப்பாவை மடியில் வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பாப்பாவின் கவுனை இழுத்துவிட்டார்.

கண்ணாடி எழுதிக்கொடுத்தார்கள். நல்ல கண்ணைத் தினம் இரண்டு மணி நேரம் ஒட்டுத்துணியால் மூடி, ஒதுங்கிய கண்ணுக்கு வேலை கொடுக்க வேண்டும். மூன்று மாதம் கழித்துத்தான் பலன் தெரியுமாம்.

திரும்பும் பஸ்ஸில் அம்மாப்பேட்டை தாண்டியதும் மாமியார் ஜன்னலைப் பார்த்தபடி, "நான் மீனு மேல பழியப் போடாம இருந்திருந்தா, நீ முன்னாடியே கெளம்பியிருப்ப" என்றார். அப்படியெல்லாம் இல்லை அத்தை என்றேன். ஆனால் அவர் சொன்னதுதான் உண்மை. மீனைப் பற்றி நான் சொன்னது சரி. கண்ணைப் பற்றி அவர் சொன்னதும் சரி. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துத் தள்ளிவிட்டேன்.

முதல் வாரம் முழுக்கப் பாப்பா ஒட்டுத்துணியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு அழுதாள். எட்டாம் நாள் மாமியாரே நாக்குமீன் வாங்கி வேகவைத்து, முள் பார்த்து, உதிர்த்த வெள்ளைத் துண்டுகளைப் பச்சைத் தட்டில் தள்ளித் தள்ளி வைத்தார். வலக்கண்ணை மூடியிருந்த பாப்பா தலையைச் சாய்த்தாள். கை ஒரு துண்டுக்கு அந்தப் பக்கம் போனது, மறுபடி இந்தப் பக்கம். மூன்றாவது தடவை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

"பாக்குதுடி" என்றார் மாமியார்.

மூன்று மாதம் ஆக இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. தட்டில் துண்டுகளை இப்போது இன்னும் சிறியதாக வைக்கிறோம்.