செண்பகவேணி ரவிக்கை

ஆவுடையார்கோவில் கடைத்தெருவில் டைலர் மரியசூசையிடம் துணியைப் பிரித்துக் காட்டி, அளவு ரவிக்கையை எடுத்துக் கொடுப்பதற்குள் ஒரு படத்தின் கதை பாதி ஓடிவிடும். காஜா எடுக்க உட்கார்ந்தாரென்றால் முழுக் கதையும் கேட்கலாம். எந்தப் படத்துக்குப் போகலாம், எந்தப் படத்துக்கு வண்டி கட்டினால் மாட்டுக்குத்தான் வீண் சிரமம் என்றெல்லாம் அவர் சொல்வதுதான் அந்த வட்டாரத்தில் தீர்ப்பு.

அவருக்குப் பழைய படங்கள்தான் உசத்தி.

“‘வீரசேனன் அல்லது பாதாள ரகசியம்’னு ஒரு படம். யுத்தத்துக்கு முந்தி வந்துச்சு. நாப்பத்தேழு பாட்டு. கத்திக்குத்து பட்டுச் சாகுறதுக்கே மூணு பாட்டு பாடுறான். இப்ப வாரவன் குத்துன ஒடனே செத்துப்போறான். என்ன அவசரம்னு கேக்குறேன்?”

“இப்ப வர்ற படமெல்லாம் அப்பிடியா டைலரே?”

“இப்ப வர்றது என்னங்க, பதினாலு பாட்டு, பதினஞ்சு பாட்டு. கதையும் நாலு வரியில முடிஞ்சுபோகுது. எல்லாம் சுருங்கிப்போச்சு.”

இவ்வளவும் பேசிய மரியசூசை, நாற்பத்திரண்டு வயதுவரை ஒரு படம்கூடப் பார்த்ததில்லை.

அவருக்குச் சொந்த ஊர் ஆவூர். அவருடைய அண்ணன் ஞானமணி ஒரு நாடகக் கம்பெனியோடு போனவன், போனவன்தான். கடுதாசிகூட இல்லை. அம்மா ஜெபமாலையம்மாள் மிச்சமிருந்த மகனை மாதா சுரூபத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். ‘நான் கண்ணை மூடுற வரைக்கும் நாடகக் கொட்டகையிலயும் சினிமாக் கொட்டகையிலயும் கால் வைக்க மாட்டேன்னு சொல்லு’ என்றாள். சொன்னார். அப்போது அவருக்குப் பதினைந்து வயது. அம்மாவுக்கு இப்போது எழுபதுக்கு மேல். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஊருக்குப் போகும்போது முதல் கேள்வி அதுதான்.

“கால் வச்சியாடா?”

“இல்லம்மா.”

அந்தப் பதிலில் பொய் கிடையாது.

கால் வைக்கவில்லையே தவிர, மற்றதெல்லாம் வைத்திருந்தார். கடைக்குள் ஒரு தகரப் பெட்டி நிறைய சினிமாப் பாட்டுப் புத்தகங்கள். அறந்தாங்கி பஸ்ஸின் கண்டக்டர் நாகராசு, புதுக்கோட்டைக்குப் போகும்போதெல்லாம் அங்கே பஸ் ஸ்டாண்டில் விற்பதை வாங்கி வருவான். ஒவ்வொரு புத்தகத்திலும் முதலில் கதைச் சுருக்கம் இருக்கும். கதை ஒரு கட்டத்துக்கு வந்து, ‘அவள் கதி என்ன? மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று நின்றுவிடும். பிறகு பாட்டுகள். அந்த மீதியை மரியசூசை மிஷினை மிதித்தபடியே யோசித்துக் கட்டிக்கொள்வார்.

முதல் பொய் வேண்டுமென்றே சொன்னதல்ல. கடை போட்ட புதிதில் ஒரு கதையை அவர் சொல்லி முடித்ததும் ஒரு அம்மாள், “நீங்க பாத்தீங்களா?” என்று கேட்டாள். அவர் வாயில் அப்போது குண்டூசிகள் இருந்தன. தலையை ஆட்டிவிட்டார். அதற்கப்புறம் ஆட்டிய தலையை நிறுத்த முடியவில்லை. யாராவது படத்தைப் பார்த்துவிட்டு வந்து, “நீங்க சொன்ன மாதிரி இல்லையே” என்றால், “நான் பாத்தது திருச்சியில, அது வேற காப்பி” என்பார். மாதம் ஒருமுறை பூசைக்கு வரும் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில், “பொய் சொன்னேன் சாமி” என்பார். “எத்தனை தடவை?” என்று கேட்டால், “எண்ணி வச்சுக்கலை சாமி.” அதற்கு மேல் இரண்டு பேரும் போவதில்லை.

யுத்தத்தில் காகிதத் தட்டுப்பாடு வந்து, முப்பத்திரண்டு பக்கம் இருந்த பாட்டுப் புத்தகம் எட்டுப் பக்கமாக இளைத்ததை அவர் படங்களின் குற்றமாகவே எடுத்துக்கொண்டார். நாகராசு ஒருமுறை, “காயிதம் இல்லைங்க டைலரே, அதான்” என்று சொல்லிப் பார்த்தான். “நல்ல படம்னா காயிதம் எப்பிடியாவது கிடைக்கும்” என்று முடித்துவிட்டார்.

நாற்பத்தாறாம் வருஷம் ஐப்பசியில் ‘செண்பகவேணி’ பாட்டுப் புத்தகம் வந்தது. மேல் அட்டையில் கதாநாயகி நேரே பார்த்து நிற்கிறாள். ரவிக்கையின் கை, தோளில் கூடையைக் கவிழ்த்த மாதிரி உப்பி, முழங்கைக்கு மேலே இறுகுகிறது. மரியசூசை அந்தக் கையைப் பழைய துணியில் நாலு தடவை வெட்டிப் பார்த்துப் பிடித்துவிட்டார். முதுகுப் பக்கம் அட்டையில் தெரியாதே. அதற்கு நாலு பொத்தானும் ஒரு நாடா முடிச்சும் அவராகவே வைத்தார்.

மேலத்தெரு முத்துமாரியம்மாளின் மகள் சொர்ணவல்லிக்குத் தையில் கல்யாணம். துணிக்குக் கட்டுப்பாடு இருந்த காலத்திலும் எங்கிருந்தோ ஏழு ரவிக்கைக்குத் துணி சேர்த்திருந்தார்கள். சொர்ணவல்லி அட்டையைப் பார்த்ததும் விரலை வைத்துவிட்டாள்.

“ஏழும் இந்தக் கைதான்.”

“துணியைத் திங்கும் போலிருக்கேடி” என்றாள் அம்மா. பிறகு டைலரிடம் திரும்பி, “இந்தப் படம் திருவிழாவுக்கு இங்கிட்டு வருதாம். இவளையும் கூட்டிக்கிட்டுப் போலாம்னு இருக்கேன். கல்யாணப் பொண்ணு. முடிவு நல்லபடியா இருக்குமில்ல?”

புத்தகத்தில் கதை, மந்திரி கொடுத்த விஷக் கிண்ணத்தைச் செண்பகவேணி கையில் ஏந்துவதோடு நிற்கிறது.

“தாராளமாக் கூட்டிட்டுப் போங்கம்மா” என்றார் மரியசூசை. “கிண்ணத்தைக் கையில வச்சுக்கிட்டு ஒரு பாட்டு பாடுறா. பாடும்போது கை நடுங்கிக் கொஞ்சம் சிந்திருது. மந்திரி வளக்குற பூனை வந்து அதை நக்குது. நக்குன ஒடனே சுருண்டு விழுகுது. வளத்த பூனை செத்ததைப் பாத்து மந்திரி மனசு ஒடஞ்சு, ‘அம்மா, என்னை மன்னிச்சுரு’ன்னு காலுல விழுகுறான். அரசகுமாரன் வந்துர்றான். கல்யாணம்.”

சொர்ணவல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பாவம், பூனை” என்றாள்.

மார்கழித் திருவிழாவுக்கு ஊருக்கு வெளியே டூரிங் கொட்டகை வந்தது. வெள்ளிக்கிழமை முதல் ஆட்டம். முத்துமாரியம்மாள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக்கு வண்டி சொல்லியிருந்தார்கள். மரியசூசையின் மனைவி அருளம்மாளுக்குச் சத்தியம் எதுவும் இல்லை. அவர்தான் அவளை வெள்ளிக்கிழமையே அனுப்பிவைத்தார்.

“ரெண்டு விசயம் பாத்துட்டு வா. ஒண்ணு, ரவிக்கையோட முதுகு. இன்னொண்ணு, முடிவு.”

“படம் பாக்கப் போறேனா, பரீட்சை எழுதப் போறேனா?” என்று கேட்டுவிட்டு, பக்கத்து வீட்டு மூக்காயியோடு போனாள்.

திரும்பி வந்தவளை உட்காரக்கூட விடவில்லை அவர்.

“முதுகு?”

“முதுகைக் காட்டவேயில்ல. சடை இம்புட்டு மொத்தம், இடுப்பு வரைக்கும் தொங்குது. நீங்க நாலு பொத்தான் என்ன, நாப்பது பொத்தான் வச்சாலும் தெரியாது.”

மரியசூசைக்கு மூச்சு வந்தது. “முடிவு?”

அருளம்மாள் ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். “குடிச்சிருது.”

“யாரு, பூனையா?”

“பூனையே கிடையாது. அந்தப் பொண்ணுதான். கல்யாணச் சேலை கட்டி, மாலையெல்லாம் போட்டுக்கிட்டு, மணவறைக்குப் போறதுக்கு முந்தி குடிச்சுட்டுச் சாயுறா. அரசகுமாரன் வந்து மடியில போட்டுக்கிட்டுப் பாடுறான். பொம்பளைகள்லாம் ஒரே அழுகை. மூக்காயி அழுத அழுகையில எனக்கு ஒண்ணும் கேக்கலை.”

“கல்யாணச் சேலையா? ரவிக்கை?”

“அதே கைதான். கையை மட்டும் அச்சடிச்ச மாதிரி வெட்டியிருக்கீங்க.”

முடிந்திருந்த ஐந்து ரவிக்கைகளும் மிஷின்மேல் மடித்து இருந்தன. உப்பின கைகள் பத்தும் மேலே தூக்கி நின்றன.

“பேசாம இருங்க” என்றாள் அருளம்மாள். “நான் பாத்தது வேற காப்பின்னு சொல்லுங்க. எப்பவும் சொல்றதுதானே.”

“அது மத்தவங்களுக்குச் சொல்றது. அந்தப் புள்ளை இதைப் பாத்துட்டு வந்து, இதே கையைப் போட்டுக்கிட்டு மணவறையில ஒக்காரணும், அருளு. நல்லாருக்கும்னு நான் சொல்லித்தான் போகுதுங்க.”

“அப்ப உள்ளதைச் சொல்லுங்க.”

“உள்ளதைச் சொன்னா ஊர் சிரிக்கும். நாளைக்கு எவ எங்கிட்ட ரவிக்கை குடுப்பா?”

“சிரிக்கட்டும். சிரிச்சா தையல் பிரியுமா?”

சனிக்கிழமை முழுதும் அவர் மிச்சமிருந்த இரண்டு ரவிக்கையைத் தொடவில்லை. யாரோ வந்து கொட்டகைப் படத்தைப் பற்றிக் கேட்டபோது, வாயில் ஊசி இல்லாமலே ஊசி இருப்பதுபோல் தலையை ஆட்டினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐந்து ரவிக்கைகளையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு மேலத்தெருவுக்குப் போனார்.

முத்துமாரியம்மாள் வாசலில் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தாள். “வாங்க டைலரே. முடிஞ்சிருச்சா?”

“இன்னும் ரெண்டு இருக்குங்கம்மா. நான் வந்தது வேற. கொட்டகையில ஓடுறது தேஞ்ச காப்பியாம். முகமே தெரியலையாம். நீங்க போக வேணாம்.”

“தேஞ்சா என்ன? இந்த ஊருக்குப் புதுக் காப்பியா வரும்? வண்டி சொல்லியாச்சு, புளியோதரை கிண்டியாச்சு. இவ ரெண்டு நாளாப் பூனை, பூனைன்னு உசிரை வாங்குறா.”

சொர்ணவல்லி கதவடியில் நின்று சிரித்தாள். மரியசூசை பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

“பூனை இல்லைங்கம்மா.”

“என்ன?”

“படத்துல பூனை இல்லை. அது நான் வச்சது. அந்தப் பொண்ணு மாலையும் கழுத்துமா விஷத்தைக் குடிச்சுச் செத்துப்போகுது. இதே ரவிக்கையோட. எனக்கு முந்தாநாள்தான் தெரியும். வீட்டுல போய்ப் பாத்துட்டு வந்து சொன்னா.”

முத்துமாரியம்மாளின் கை நெல்லிலேயே நின்றது. “திருச்சியில பாத்தேன்னீங்க?”

“பாக்கலை. எந்தப் படமும் பாத்ததில்லை. எங்க அம்மாவுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். எல்லாம் பாட்டுப் புத்தகத்துல படிச்சது. அதுல இல்லாததை நானாச் சொன்னது.”

முத்துமாரியம்மாள் கையைத் தட்டிவிட்டு எழுந்தாள். பிறகு குரல் ஏறியது.

“நல்ல காரியத்தை வச்சுக்கிட்டு வெளையாடுற வெளையாட்டா இது? நான் பாட்டுக்கு நம்பிப் பொண்ணைக் கூட்டிட்டுப் போயிருந்தா? பதினஞ்சு வருசமா ஊரையே ஏச்சிருக்கீங்களே! நான் மாமியாருகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டு ஒரு படத்துக்குப் போனேன், நீங்க சொன்னீங்கன்னு!”

“எந்தப் படம்மா?”

“எதுவா இருந்தா ஒமக்கென்ன? நீரு பாக்கலையே!”

‘நீங்க’ என்பது ‘நீரு’ என்று இறங்கிவிட்டதை மரியசூசை கவனித்தார். தலையைக் குனிந்துகொண்டு, பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

“துணிக்குச் சேதமில்லைங்கம்மா. வேற யாருகிட்ட வேணும்னாலும் குடுத்துக்கங்க.”

முத்துமாரியம்மாள் ஒரு ரவிக்கையை எடுத்து உதறினாள். உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்தாள். நகத்தால் ஒரு இடத்தை நெருடிப் பார்த்தாள்.

“கல்யாணத்துக்கு இருபது நாளு இருக்கு. இனிமே யாருகிட்டக் குடுக்குறது? இந்தக் கை ஆகாது. எல்லாத்தையும் பிரிச்சுச் சாதாக் கையா வச்சுக் கொண்டாங்க. கூலி கெடயாது அதுக்கு.”

“சரிங்கம்மா.”

“ஒண்ணை மட்டும் பிரிக்க வேணாம்” என்றாள் சொர்ணவல்லி.

“ஒனக்கென்னடி கிறுக்கா? அந்தச் செத்தவ போட்டதை...”

“அவ செத்த கதையை நான் பாக்கலையே ஆத்தா. எனக்குத் தெரிஞ்ச கதையில பூனைதான செத்துச்சு.” பிறகு டைலரைப் பார்த்து, “ஊதாத் துணி. அதை அப்பிடியே இருக்கவிடுங்க.”

அம்மா கத்தினாள். மகள் ஊதா ரவிக்கையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்று சாயங்காலம் புளியோதரையை வண்டிக்காரன் வீட்டுக்கும் கொடுத்துத் தின்று தீர்த்தார்கள்.

செய்தி கடைத்தெருவுக்கு அவருக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. இரண்டு நாள் யாரும் துணி கொடுக்கவில்லை. வந்தவர்கள் வேடிக்கை பார்க்கத்தான் வந்தார்கள். “டைலரே, பூனை சௌக்கியமா?” என்று கேட்டுக்கொண்டே போனார்கள். மரியசூசை நிமிரவில்லை. அருளம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, பிரித்த கைகளிலிருந்து நூலை இழுத்துப்போட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் நாகராசு பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். கையில் புதிதாக ஒரு பாட்டுப் புத்தகம். கொடுப்பதா வேண்டாமா என்று கொஞ்சம் நின்றுவிட்டு மிஷின்மேல் வைத்தான்.

“இந்தப் படம் எப்பிடிங்க?” என்றான், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

கடை வாசலில் நின்ற நாலு பேரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். மரியசூசை வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தினார்.

“பாக்கலை” என்றார்.

மிஷினை மிதித்தார். பாதித் தையலில் நிறுத்தி, புத்தகத்தை எடுத்து விரலால் புரட்டினார்.

“பாக்கலை. ஆனா பன்னெண்டு பாட்டுதான் இருக்கு. பன்னெண்டு பாட்டை வச்சுக்கிட்டு ஒருத்தன் எங்கிட்டுச் சாகுறது?”