குழாயடி ஈரம்

ஈர மண்ணைச் சுவரில் அப்பும்போது குளவி ஒரு சத்தம் போடும். தூரத்தில் யாரோ மோட்டார் ஓட்டுவது போல மெல்லிய, விடாத ரீங்காரம்...

கோலா சிலாங்கூரில் எங்கள் வீட்டு வாசல் நிலையில் அந்தச் சத்தம் கேட்டால் மழை ஓய்ந்துவிட்டது என்று அர்த்தம். தீபாவளி மழையோடு வந்து மின்கம்பிகளில் வரிசைகட்டும் குருவிகள் இன்னும் வடக்கே திரும்பிக் கிளம்பியிருக்காது. பொங்கல் முடிந்து வெயில் ஏறும். பின்னால் இருக்கும் செம்பனை மரங்கள் தூசி படிந்து நிற்கும். அப்போதுதான் வரும், நூல் போல இடுப்புள்ள அந்தக் கறுப்புக் குளவி.

நான் பள்ளியில் படிவம் மூன்று படித்த வருடமும் வந்தது. அண்ணனைக் கட்டிக்கொண்டு அண்ணி சுங்கை ஆயர் தாவாரிலிருந்து வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. குழந்தை இல்லை.

குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் யாரோ முழுகாமல் இருக்கிறாள் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. விளக்குமாறு அந்தப் பக்கமே போகக்கூடாது என்று உத்தரவு.

பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் நின்று குரல் கொடுப்பார்.

“என்னக்கா, குளவி வந்திருச்சு போல! மருமக வாந்தி எடுத்தாளா இல்லியா?”

“வாய வெச்சிக்கிட்டு சும்மா இரு லா. சாமி குடுக்கும்போது குடுக்கும்.”

சொல்லிக்கொண்டே அம்மா சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்ப்பார். அங்கே அண்ணி கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவிக்கொண்டிருப்பார்.

பள்ளிக்குக் கிளம்பும்போது நிமிர்ந்து பார்ப்பேன். ஓர் அறை மூடியிருக்கும், பக்கத்தில் இன்னொன்று தொடங்கியிருக்கும். கூடு வளர வளர அண்ணியின் சாப்பாடு குறைந்தது.

வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய குழாய் எப்போதும் சொட்டும். அந்த வெயிலில் சுற்றுவட்டாரத்தில் அங்கே மட்டும்தான் சேறு. குளவி மண் எடுப்பதும் அங்கேதான். ஒரு சாயங்காலம் பார்த்தால், அண்ணி குந்தி உட்கார்ந்து சைக்கிள் டியூபைக் கிழித்து அந்தக் குழாயின் வாயை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

என்னைக் கண்டதும் கை நின்றது.

“அத்தைகிட்ட சொல்லிறாத பாப்பா.”

“சொல்ல மாட்டேன் அண்ணி.”

“மண்ணு கெடைக்கலன்னா வேற வீட்டுக்குப் போயிரும்ல?”

தலையாட்டினேன். வேறென்ன செய்ய...

சீக்கிரமே குழாயடி காய்ந்து வெடித்தது. குளவி வந்து வந்து தரையைத் தொட்டுவிட்டு எழுந்தது. மேலே கூட்டின் கடைசி அறை மூடாமல் கிடந்தது. உள்ளே முட்டையும், அதன் குஞ்சுக்காகப் பிடித்து வைத்த பச்சைப் புழுக்களும். நிலையின் மேல் எறும்பு ஊர ஆரம்பித்தது.

அண்ணி வாசலில் நின்று அதையே பார்த்தார். திடீரென்று பின்பக்கம் நடந்தார். நான் ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் டியூபை அவிழ்த்து எறிந்துவிட்டிருந்தார்.

“அது அதோட புள்ளைக்குக் கட்டுது பாப்பா. எனக்கா கட்டுது?”

மறுநாள் அந்த அறை மூடியிருந்தது.

அந்த வருடம் நல்ல சேதி எதுவும் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. அம்மாவும் கேட்பதை மெல்ல விட்டுவிட்டார்.

இப்போது நான் இருப்பது புக்கிட் பெருந்துங்கில், வேலை ரவாங்கில். ஒவ்வொரு வருடமும் வெயில் தொடங்கியதும் அண்ணியிடமிருந்து குளவிக் கூட்டின் படம் ஒன்று வாட்ஸப்பில் வரும். “உன் ஆளு வந்துட்டா” என்று கீழே எழுதியிருப்பார்.

இந்த வருடம் படம் வரவில்லை. வெயில் எப்போதோ ஏறிவிட்டது. கம்பிகளிலும் அங்கொன்று இங்கொன்றாகத்தான் குருவிகள் மிஞ்சியிருந்தன. மனசு கேட்காமல் போன வாரம் வீட்டுக்குப் போனேன்.

வாசல் நிலை வெறுமையாக இருந்தது.

“தாமான்ல எல்லாத் தெருவுலயும் கொசுக்குப் புகை அடிச்சிக்கிட்டே இருக்காங்க பாப்பா. அதுலதான் செத்துருச்சோ என்னமோ.”

“வேற வீட்டுக்குப் போயிருக்கும் அண்ணி.”

“எந்த வீட்டுல மண்ணு இருக்கு? எல்லாம் சிமிந்தி.”

அன்று அது வந்துவிட்டதே என்று கலங்கிய அதே குரல்தான்...

இதை எழுதலாமா என்று அண்ணியிடம் கேட்டேன். “எழுது, இப்ப என்ன” என்றார்.

கிளம்பும் முன் கை கழுவப் பின்பக்கம் போனேன். அண்ணன் புதுக் குழாய் மாட்டியிருந்தான். அதுவும் சொட்டிக்கொண்டிருந்தது. பழக்கத்தில் திருகப் போனேன்.

“முழுசா மூடிறாத” என்றார் அண்ணி, பின்னாலிருந்து.