செடிக்கு அடித்த மருந்து

புழு பூச்சி என்றாலே எனக்கு உயிர் போய்விடும். என்னைக் கட்டிக்கொண்டவரோ, மொட்டைமாடியில் மண்புழுவுக்குத் தொட்டி கட்டிக் குடிவைத்திருப்பவர். "நம்ம செடிக்கு அதுகதாம்ட்டி வேலைக்காரங்க" என்பார்.

அந்த வாரம் மாடியில் இருந்த மிளகாய்ச் செடியில் அசுவினிப் பூச்சி அப்பியிருந்தது. அதன் நடுவே கறுப்பாக, முதுகில் ஆரஞ்சுப் புள்ளியோடு, முள்முள்ளாக ஏதோ ஊர்ந்தது. நாலு வயது மகளின் கையில் ஒரு தடிப்பு. இதுதான் கடித்திருக்கிறது என்று முடிவுகட்டிவிட்டேன். கோயில் புற்றுமண்ணைக் குழைத்துத் தடவினேன். வெள்ளியில் பூச்சி உருவத் தகடு வாங்கி உண்டியலில் போடுவதாக நேர்ந்தும்கொண்டேன். அதோடு விட்டிருக்கலாம். பயம் விடவில்லை. அவர் வேலைக்குப் போனதும் உரக்கடையில் ஒரு பாட்டில் வாங்கிவந்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு அடித்தேன்.

மகள் படியில் நின்று, "என்னம்மா அடிக்கே?" என்றாள்.

"செடிக்கு மருந்து மக்கா. கிட்ட வராதே."

எல்லாரும் அப்படித்தானே சொல்கிறோம். நானும் சொன்னேன்.

மதியம் சாப்பிட வந்தவர் மாடிக்குப் போய், முகம் செத்து இறங்கினார். நான் கொன்றவை பொறிவண்டின் புழுக்களாம். அசுவினியைத் தின்று செடியைக் காப்பாற்ற வந்தவையாம். "தடிப்பு கொசுக்கடிட்டி" என்று கத்தினார். நானும் விடவில்லை. இந்தச் சண்டையில் மகள் மேலே போனதை இருவருமே பார்க்கவில்லை.

ஓடிப்போய்ப் பார்த்தால், மிளகாய் இலையைக் கிள்ளி நக்கிக்கொண்டிருக்கிறாள். "கை அரிக்கும்மா. அதான் மருந்து சாப்பிடுதேன்."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர்தான் வாயைக் கழுவிவிட்டு, பாட்டிலையும் எடுத்துக்கொண்டு பைக்கைக் கிளப்பினார். ஆஸ்பத்திரி போகும்வரை அவள் மூச்சு என் கழுத்தில் படுகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் படித்தார். அதிலேயே பாதி செத்தேன். எச்சில் வடிந்தால் உடனே கூப்பிடச் சொன்ன நர்ஸ், அடிக்கடி வந்து கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

சாயங்காலம் டாக்டர் பயமில்லை என்றார்.

மகள் என் சேலையை இழுத்தாள். "செடிக்கு சரியாயிட்டாம்மா?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"அது மருந்து இல்ல மக்கா, விஷம்" என்றேன். "அம்மாதான் வச்சேன்."