எழுந்து நடக்கும் வரை

உலக யுத்தம் முடிந்த மறுவருடம், திருத்தணி மலையில் என் கைக்குழந்தைக்கு மொட்டை போட்டவர் கன்னம் ஒட்டியவர். கை மட்டும் நடுங்காது. மழித்த ஒவ்வொருவரும் எழுந்து நடப்பதைப் பார்த்த பிறகே அடுத்தவரை அழைத்தார்.

பாதி மழிக்கையில் பையன் என் மடியில் தூங்கிவிட்டான். அவர் கத்தியை எடுத்துவிட்டார்.

“எழுப்புங்க சாமி.”

“தூங்கட்டுமேப்பா, உனக்கும் சுலபம்தானே?”

“பர்மாவுல, பட்டாளத்து ஆஸ்பத்திரி கூடாரத்துல, மண்டையில குண்டு பட்டவங்களுக்கு ஆபரேஷனுக்கு முன்னே நான்தான் மழிப்பேன். இப்படித்தான் தூங்கிகினு இருப்பாங்க. அப்புறம் ஒருத்தன்கூட எழுந்து நான் பார்க்கலீங்க.”

பையனைக் கிள்ளினேன். வீறிட்டான்.

“ஆங், அழட்டும்,” என்று சிரித்தவர், கீறலில்லாமல் மீதியை மழித்துச் சந்தனம் பூசினார்.

மலையிறங்கும் வரை பையன் அழுதான். நான் சமாதானப்படுத்தவில்லை.