அவள் காதுக்கு ஒரு கிண்ணம் பாஸ்தா

மூன்றாம் வகுப்புக்கு மேல் நான் பள்ளிக்கூடம் போனதில்லை. ஆம்பூரில் ஈரத்தோல் சுமக்கிற வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு மீசை முளைக்கவில்லை. அங்கிருந்து தோலைப் போட்டுச் சுற்றுகிற டிரம் ஓட்டினேன், தோல் தரம் பிரித்தேன், கடைசியில் எனக்கென்று தோலுக்கு மெருகேற்றுகிற ஒரு ஃபினிஷிங் யூனிட் போட்டேன். யார் தோளிலும் ஏறி மேலே வந்தவன் இல்லை. ராணிப்பேட்டை வரைக்கும் விசாரித்துப் பாருங்கள், என் யூனிட்டிலிருந்து போன சரக்கைத் திருப்பி அனுப்பினேன் என்று ஒருவன் சொல்லட்டும். இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம் இருக்கிறது. இவ்வளவு செய்தவன் வீட்டுக்குள் ஓர் உத்தரவு போட்டால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நானும் நம்பினேன், வீட்டில் இருந்தவர்களும் நம்பினார்கள்.

என் வீட்டுக்காரிக்குப் பக்கவாதம் வந்தது போன மழைக்காலத்தில். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வேலூரில் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். கால் கொஞ்சம் திரும்பியது. பேச்சு குழறும், ஆனால் எனக்குப் புரியும். இத்தனை வருஷம் கேட்ட குரல், புரியாமல் எங்கே போகும்? விழுங்குவதுதான் போயே போய்விட்டது. ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்தாலும் அது வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடும் என்றார் டாக்டர். அதனால் மூக்கு வழியாக ஒரு டியூப் போட்டார்கள். மருமகள் கஞ்சியை வடிகட்டி, வேளை தவறாமல் அதில் ஊற்றுவாள். விழுங்கும் பயிற்சியை விடாமல் செய்தால் தொண்டை மறுபடியும் பழகிக்கொள்ளலாம், விட்டுவிட்டால் டியூப் கடைசி வரைக்கும்தான் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். பயிற்சி கொடுக்க ஒரு பெண் வாரா வாரம் வீட்டுக்கு வருவாள். எச்சிலைக் கூட்டி விழுங்கச் சொல்வாள், நாக்கை மடக்கச் சொல்வாள், தொண்டையில் விரல் வைத்துப் பார்ப்பாள்.

நான் போட்ட உத்தரவு இதுதான்: அவள் பார்க்க, அவள் கேட்க, இந்த வீட்டில் யாரும் எதையும் வாயில் போடக் கூடாது. நம் பக்கத்தில் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவருக்கு ஒரு துண்டு கொடுக்காமல் தின்ன மாட்டார்கள். இவளுக்குக் கொடுக்கவும் முடியாது, பார்க்க வைத்துத் தின்னவும் முடியாது. அப்படியானால் கண்ணில் படாமல் தின்பதுதானே முறை. பின்பக்கம் துணி துவைக்கும் கல்லைத் தாண்டி ஒரு தகரக் கொட்டகை உண்டு. ஒரு காலத்தில் தோல் மாதிரிகள் வைத்திருந்த இடம். மகன், மருமகள், நான், மூவரும் அங்கே போய்ச் சாப்பிட்டோம். தாளிப்பு, வறுவல், பொரியல் எல்லாவற்றையும் நிறுத்தினேன். கறிவேப்பிலை வாசனை கட்டில் வரைக்கும் போகுமே. வந்த சொந்தக்காரர்களுக்குக் காபிகூடக் கொட்டகையில்தான். பெண்டாட்டிக்காக இப்படி யார் இருப்பார்கள் என்று அவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். உண்மைதானே என்று நானும் கேட்டுக்கொண்டேன்.

அவள் முதலில் பயிற்சி செய்தாள். பிறகு நாளுக்கு நாள் குறைந்தது. பொங்கல் வந்தபோது சுத்தமாக நிறுத்திவிட்டாள். அந்தப் பெண் வந்து உட்கார்ந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். நான் மிரட்டினேன், கெஞ்சினேன். நூறு ஆளை வேலை வாங்கினவன், ஒருத்தியை எச்சில் விழுங்க வைக்க முடியவில்லை.

சாயங்காலம் நாலு மணி ஆனால் எனக்கு டீயோடு கடிக்க ஏதாவது வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து பழக்கம். யூனிட் நடத்தின காலத்தில் அவளே தூக்குவாளியில் முறுக்கோ வறுத்த கடலையோ கொண்டுவருவாள். கெமிக்கல் பீப்பாயைக் கவிழ்த்துப் போட்டு எதிரெதிரே உட்கார்ந்து தின்போம். எனக்கு ஜாஸ்தி, அவளுக்குக் கம்மி என்று ஒரு நாளும் பங்கு போட்டதில்லை, அவள்தான் ஜாஸ்தி தின்பாள். அவள் படுத்த பிறகு அந்த நாலு மணியை நான் விட்டுவிட்டேன். மருமகள் இதைக் கவனித்திருக்கிறாள். எண்ணெய்ச் சட்டி வைக்க முடியாத வீடாகிப் போனதால் கொட்டகையில் ஓர் ஏர் ஃப்ரையர் வாங்கி வைத்திருந்தாள். ஒரு நாள் செல்போனில் யாரோ பாஸ்தாவை அதில் போட்டு மொறுமொறுவென்று எடுப்பதைக் காட்டி, இது உங்கள் பிரஷருக்கும் கெடுதல் இல்லை, செய்து தரட்டுமா என்றாள். தேவையில்லை, நானே செய்கிறேன் என்றேன். மிஷினைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காற்றைச் சூடாக்கிச் சுற்றவிடுகிற பெட்டி, அவ்வளவுதானே. அதைவிடப் பெரிய பெட்டிகளை நான் ஓட்டியிருக்கிறேன்.

முதல் தடவை நான் என் தொழில் புத்தியில் செய்தேன். ஈரமாக இருப்பதை அவசரப்பட்டுச் சூட்டில் போட்டால் மேலே வெடித்து உள்ளே பச்சையாக நிற்கும், இது தோலுக்குச் சட்டம். அதனால் வெந்த பாஸ்தாவை வடித்து, துணியில் ஒவ்வொன்றாகப் பரப்பி, விடிந்ததிலிருந்து மத்தியானம் வரைக்கும் நிழலில் காற்றாட விட்டேன். எண்ணெய் ஏற்றினால் தோல் மெத்தென்று ஆகும். எனக்கு மெத்தென்று வேண்டாம், மொறுமொறுவென்று வேண்டும். ஆகவே ஒரு சொட்டு எண்ணெய்கூட விடவில்லை. உப்பும் மிளகாய்த்தூளும் தூவினேன், தூள் ஒட்டவேயில்லை. மிஷினிலிருந்து வெளியே வந்தது பாலாற்றுக் கூழாங்கல். ஒன்றைக் கடித்தேன், மேல்வரிசைப் பல் ஆடியது.

மருமகள் அதைக் கையில் எடுத்து ஜன்னல் கம்பியில் தட்டிப் பார்த்தாள்.

"மாமா, இது தோலு இல்ல, மாவு. ஈரம் துடைச்ச உடனே எண்ணெ தடவிப் போடணும். டிரம்முல போட்டு சுத்தாம விட்டீங்களே, அது வரைக்கும் சந்தோஷம்."

அடுத்த தடவை அவள் சொன்னபடி செய்தேன், ஆனால் கை என் கை. சிப்பி மாதிரி இருக்கிற பாஸ்தா. உப்புத் தண்ணீரில் வேகவைத்து, குழைவதற்கு முன்னால் வடித்து, ஈரத்தைத் துணியில் ஒற்றி எடுத்தேன். ஒரு கரண்டி எண்ணெய், மிளகாய்த்தூள், மிளகு, கொஞ்சம் பூண்டுப் பொடி, ஒரு கை அரிசி மாவு. அரிசி மாவு என் சொந்த யோசனை, செல்போன்காரி போடவில்லை. மிஷின் தட்டில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, நடுவில் ஒரு முறை குலுக்கிவிட்டேன். வெந்ததா என்று பார்க்க ஒன்றை எடுத்துக் காதோரம் வைத்து நசுக்கினேன். படக்கென்று உடைந்தது.

அப்படிக் காதோரம் வைப்பது தோல்காரன் பழக்கம். ஷூவுக்குப் போகிற தோலைக் காதுக்குப் பக்கத்தில் மடக்கிப் பார்ப்போம். மொடமொடவென்று சத்தம் வந்தால் அந்தத் தோல் விறைத்துக் கிடக்கிறது, இல்லை மேற்பூச்சு வெடிக்கப் போகிறது. நல்ல தோல் வாயே திறக்காது. சத்தத்தைக் கொன்று கொன்றுதான் நான் வீடு கட்டினேன். அன்றைக்கு முதல் தடவையாகச் சத்தம் வருவதற்காக ஒரு பொருளைச் செய்தேன், செய்துவிட்டுக் கொட்டகையில் தனியாக உட்கார்ந்து தின்றேன். எத்தனை மாசத்துப் பசியோ, அடக்க மறந்துவிட்டேன். என் வாய்க்குள் கேட்டது வெளியேயும் கேட்கும் என்று தோன்றவில்லை. கட்டிலுக்குப் பின்பக்கத்து ஜன்னல் திறந்திருந்தது.

கையைக் கழுவி, வாயைத் துடைத்து உள்ளே போனேன். அவள் விழித்திருந்தாள்.

"இன்னாயா தின்ன?"

"ஒண்ணும் இல்லம்மே. தகரத்து மேல காக்கா கொத்திச்சி."

அவள் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அது சிரிப்பு.

"காக்காக்குப் பல்லு மொளச்சிடுச்சா?"

அவளுக்குப் பேசினால் மூச்சு வாங்கும், ஒவ்வொரு வார்த்தையையும் எங்கிருந்தோ இழுத்து வருவாள். அன்றைக்கு நிறுத்தி நிறுத்தி அவள் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

"நான் செத்துட்டனாயா? எழவு வூட்லதான் தாளிக்க மாட்டாங்க. நான் கண்ணத் தொறந்துகினு கெடக்கும்போதே அடுப்ப அமத்திட்ட. வர்றவங்க போறவங்க எல்லாம் துக்கம் கேக்க வந்த மாதிரி பின்னாடி போயிடறாங்க. எவனும் என் எதிர்ல மெல்லக்கூட மாட்றான். முழுங்கு முழுங்குன்றியே, எதுக்கு முழுங்கணும்? நாளைக்கி யாருகூட ஒக்காந்து தின்ன?"

எனக்குக் கோபம் வந்தது. உனக்காகத்தானே இத்தனையும் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் வீட்டை ஒரு முறை சுற்றிப் பார்த்தேன். கூடத்தில் சாப்பாட்டு மேசை மேல் ஒன்றும் இல்லை, துடைத்து வைத்திருந்தது. அடுக்களையில் ஒரு கரண்டிச் சத்தம் இல்லை. என் அப்பா செத்த அன்று வீடு இப்படித்தான் கிடந்தது. காரியம் முடிகிற வரைக்கும் பக்கத்து வீட்டிலிருந்துதான் சோறு வந்தது. எழவு வீட்டு முறையை ஒன்றுவிடாமல் நானே கொண்டுவந்து இவளைச் சுற்றிக் கட்டியிருந்தேன், அதுவும் அவள் உயிரோடு இருக்க. முறை தெரிந்தவன் என்று பேர் வாங்கினவன் நான்.

கொட்டகைக்குப் போய் மிச்சமிருந்த கிண்ணத்தை எடுத்துவந்தேன். கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்தேன். ஒரு சிப்பியை வாயில் போட்டு மெல்ல முடியாமல் வைத்துக்கொண்டிருந்தேன்.

"கடி. கேக்கணும்."

கடித்தேன். அடுத்ததையும் கடித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டேயிருந்தேன். அவள் தொண்டைக்குழி மேலே ஏறியது, நின்றது, இறங்கியது. வாராவாரம் அந்தப் பெண் விரல் வைத்துத் தேடின அசைவு அதுதான், எனக்கு நன்றாகத் தெரியும். பேசினால் அது போய்விடுமோ என்று பயம். இன்னொன்றை எடுத்து முன்னைவிடச் சத்தமாகக் கடித்தேன். மறுபடியும் ஏறி இறங்கியது.

அன்று ராத்திரிச் சமையலுக்குத் தாளிக்கச் சொன்னேன். கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டதும் மகன் மாடியிலிருந்து இறங்கிவந்து, யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்டான். கூடத்து மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் கட்டிலை மருமகள் எங்கள் பக்கம் திருப்பிப் போட்டாள். முதல் கவளம் யாருக்கும் எளிதாக இறங்கவில்லை. அவள் மட்டும் ஒவ்வொரு தட்டாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பயிற்சி கொடுக்கிற பெண் வந்ததும் நானே வாசலுக்குப் போய், நீங்கள் இத்தனை மாசம் பார்க்காததை என் பாஸ்தா காட்டிவிட்டது என்றேன். அவள் சிரிக்கவில்லை. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, என்னைக் கடிக்கச் சொல்லி, தொண்டையில் விரல் வைத்துக் கொஞ்ச நேரம் கவனித்தாள்.

"ஐயா, பாஸ்தா மருந்து இல்ல. எச்சி ஊறுது, அத அவங்களே முழுங்கறாங்க. தெனமும் இது நடக்கட்டும், கூடவே நான் சொல்ற பயிற்சியும் நடக்கட்டும். ஆனா ஒரு துண்டுகூட அவங்க வாயில வெச்சிடாதீங்க. வயித்துக்குப் போகாம நொரையீரலுக்குள்ள போயிடும்."

அன்றிலிருந்து என் வீட்டுக்காரி பயிற்சிக்கு முகம் திருப்பவில்லை. ஏர் ஃப்ரையர் கொட்டகையிலிருந்து கூடத்துக்கு வந்தது. நாலு மணி ஆனால் அவள் எதிரிலேயே செய்வேன், எதிரிலேயே தின்பேன்.

ஒரு நாள் இடது கையை நீட்டினாள். ஒண்ணே ஒண்ணு என்றாள். கொடுக்காமல் தின்கிறவன் மனுஷன் இல்லை என்று வளர்ந்தவன் நான். என் கை கிண்ணத்துக்குப் போய் நின்றுவிட்டது. வாய்ல வெக்க மாட்டேன்யா, சும்மா குடு என்றாள். அவள் உள்ளங்கையில் ஒரு சிப்பியை வைத்தேன். அவள் மூடின விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன், நம்பாமல். அவள் அதைத் தன் காதோரம் கொண்டுபோய் நசுக்கினாள். என்னிடம் எப்போது பார்த்துப் பழகினாளோ. படக்கென்ற சத்தம் எனக்கும் கேட்டது. தூளைப் போர்வையில் உதறிவிட்டு, ம் என்றாள்.

வெயில் காலம் வந்ததும் வேலூரில் சோதனைக்குக் கூட்டிப்போனோம். எதையோ குடிக்க வைத்து, அது இறங்குவதைப் படம் எடுத்தார்கள். கெட்டியான கேழ்வரகுக் கூழ் மட்டும் சின்னக் கரண்டியால் கொடுக்கலாம், நிமிர்த்தி உட்கார வைத்துக் கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். மிச்சத்துக்கு டியூப் இருக்கட்டும், போகப் போகப் பார்ப்போம். நான் அத்தோடு எழுந்திருக்கலாம். எல்லாவற்றையும் கேட்டுத் தீர்த்துக்கொள்கிற புத்தி, மொறுமொறுப்பாக எப்போது தின்னலாம் என்று கேட்டேன். அது கஷ்டம், அந்த நாள் வராமலே போகலாம் என்றார். அவள் சக்கர நாற்காலியில் பக்கத்திலேயே இருந்தாள்.

திரும்பும்போது காரில், பள்ளிகொண்டா தாண்டின பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்.

"நாலு மணி ஆயிடுச்சா?"

ஆகப் போகிறது என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மருமகள் கூழ் கிண்டினாள். நான் பாஸ்தா வேகவைத்தேன். அவசரத்தில் ஈரத்தைச் சரியாக ஒற்றாமல் போட்டுவிட்டேன். அவளைத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைத்தோம். மருமகள் கரண்டி நுனியில் கொஞ்சம் கூழ் எடுத்து வாயில் வைத்தாள். அவள் மோவாயைத் தாழ்த்தி, சொல்லிக்கொடுத்தபடி நிறுத்தி, விழுங்கினாள். நாங்கள் மூவரும் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றோம். இருமல் வரவில்லை. இன்னொரு கரண்டி. அதுவும் இறங்கியது. எத்தனையோ மாசத்துக்குப் பிறகு அவள் உதட்டில் சாப்பாட்டுக் கறை ஒட்டியிருந்தது. மருமகள் துடைக்கப் போனாள், என் வீட்டுக்காரி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

பிறகு என் கிண்ணத்துக்குக் கையை நீட்டினாள். ஒரு சிப்பியை எடுத்துக் காதோரம் வைத்து நசுக்கினாள். உடையவில்லை, வளைந்தது.

"வேகல. திருப்பி வெய்யி."

என் சரக்கு முதல் தடவையாகத் திரும்பி வந்தது. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் மறுபடியும் மிஷினில் கொட்டினேன். அவள் கூழுக்கு வாயைத் திறக்காமல் காத்திருந்தாள், நான் வந்து உட்காரட்டும் என்று.