மேல் டிவிஷனுக்கு ஏறும் ஜீப்

பெயின்ட் பளபளப்பில் மயங்கி ஒரு பழைய ஜீப்பை வாங்கிவிட்டு, அடுத்த மாதமே அதைப் பின்னால் நின்று தள்ளிய அனுபவம் உங்களுக்கும் உண்டா? உண்டென்றால் நீங்கள் நம்ம ஆள். இந்தத் தொழிலில் பாதி வேலை, விற்கிறவர் காட்டாத பக்கத்தைப் பார்ப்பதுதான். மாத்தளையில் நானும் என் வீட்டுக்காரரும் சின்னதாக ஒரு கராஜ் வைத்திருக்கிறோம். அவர் ஸ்பானர் பிடிப்பார். வாங்கப்போகிற வண்டியைப் பார்த்துச் சொல்ல யாராவது கூப்பிட்டால் நான் போவேன். கல்யாணமான புதிதில் அவருக்கு டோர்ச் பிடிக்க வண்டிக்கு அடியில் படுத்தவள், அப்படியே தொழிலையும் பிடித்துக்கொண்டேன்.

இந்த முறை கூப்பிட்டது என் சொந்த அண்ணன். எல்கடுவப் பக்கம் ஒரு தோட்டத்தில் லொறி ஓட்டிக்கொண்டிருந்தவர். வேலையை விட்டுவிட்டு, கைக்கு வந்த சேமலாபக் காசு முழுவதையும் ஒரு ஜீப்பில் போட்டு, தோட்டத்தின் மலை உச்சியில் இருக்கும் மேல் டிவிஷனுக்குக் கூலிக்கு ஆள் ஏற்றி ஹயர் ஓடப் போகிறார். அங்கே பஸ் ஏறாது. வாங்குகிற ஜீப்பும் ஏறாவிட்டால் அண்ணனுக்கு வேலையும் இல்லை, காசும் இல்லை. என் சின்ன மகளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு அண்ணனோடு கிளம்பினேன்.

அடியில் மட்டும் புதுசு

முதல் ஜீப் மாத்தளை டவுனில் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் நானாவுடையது. மேலே எல்லாம் பழசு. அடியில் குனிந்து பார்த்தால் சேஸிஸ் மட்டும் புதுக் கறுப்புப் பெயின்டில் மின்னியது. யாரும் பார்க்காத இடத்துக்கு எதற்கு இந்த அலங்காரம்? ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போனேன். டங், டங் என்று வந்த சத்தம் பின் சில்லுக்குப் பக்கத்தில் டப் என்று செத்துப்போனது. நுனியால் அழுத்தினேன். பெயின்டும் துருவும் சேர்ந்து உதிர, ஸ்க்ரூ டிரைவர் பாதி உள்ளே போய்விட்டது.

நானா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து அந்த ஓட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையில் கை வைத்துக்கொண்டார்: "யா அல்லாஹ், நான் இத வாங்கக்குள்ள நீங்க எங்க தங்கச்சி இருந்தீங்க?"

வெயிலில் சுட்ட எஞ்சின்

அடுத்தது கலேவெலவில், மரக்கறி பயிரிடும் ஒரு சிங்களவரின் வீட்டில். "நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முதல் நாளே போனில் சொல்லியிருந்தேன். பழைய டீசல் எஞ்சினின் குணம், ஆறிக் கிடக்கும்போது எழுப்பினால்தான் தெரியும். போனதும் பொனட்டில் கை வைத்தேன். சுட்டது. "வெயில் நங்கி, வெயில்!" என்று தங்கச்சி முறை வைத்துச் சொன்னார் அவர். ஜீப் நின்றது மாமர நிழலில்.

சரி, ஆறட்டும் என்று மகளுக்குச் சோறு ஊட்டினேன். கதை சொன்னேன். அவள் தூங்கியும் எழுந்துவிட்டாள். பிறகு சாவியைத் திருப்பினால் ஜீப் முனகியது, இருமியது, கடைசியில் நீலப் புகையைக் கக்கிக்கொண்டு பிடித்தது. ஒயில் மூடியைக் கழற்றினேன். அதன் வழியாகவும் புஸ் புஸ் என்று புகை; எஞ்சின் உள்ளே தேய்ந்துபோயிருந்தது. அவர் இன்னும் வெயிலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அதற்குள் விறாந்தையில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்த அவருடைய மனைவி சிங்களத்தில் ஒரே போடாகப் போட்டார்: "காலையில ஊரே சேர்ந்து தள்ளி ஸ்டார்ட் பண்ணினீங்களே, அதையும் அந்த நங்கிக்குச் சொல்லுங்களேன்!"

மகளின் வெள்ளைத் துணி

சீகிரியாவில் வெள்ளைக்காரர்களைக் காடு காட்டக் கூட்டிப்போன ஜீப். மீட்டரில் ஓட்டம் கொஞ்சம்தான், ஆனால் கிளச் பெடலில் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தது. நான் கேட்கும் முன்னே உரிமையாளர் சொல்லிவிட்டார், மீட்டர் நின்று வருசக்கணக்காகிறது என்று. அந்தப் பேச்சு எனக்குப் பிடித்தது. நிறைய ஓடியது குற்றமில்லை, மறைப்பதுதான் குற்றம். மகளுக்குக் கட்டும் வெள்ளைத் துணியை கியர்பொக்ஸுக்கு அடியில் விரித்துவிட்டு, அவர் கொடுத்த தேத்தண்ணியை மெதுவாகக் குடித்தேன். துணியில் ஒரு சொட்டு ஒயில்கூட இல்லை.

அடுத்து பின் அச்சின் அடைப்பைத் தளர்த்தினேன். குளத்துத் தண்ணீருக்குள் இறங்கி ஓடிய வண்டியென்றால் உள்ளே தண்ணீர் புகுந்து, ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் வரும். தேன் நிறத்தில் வந்தது. கடைசியாக மகளை அண்ணனிடம் கொடுத்துவிட்டு, காய்ந்த ஓடையின் மணலில் ஜீப்பை நானே இறக்கி, நாலு சில்லும் இழுக்கும்படி லீவரைப் போட்டேன். முன் சில்லுகள் மணலைக் கடித்துக்கொண்டு மேலே வந்தன. உரிமையாளர் வாயைப் பிளந்து நிற்க, அண்ணன் மார்பை நிமிர்த்தினார்: "என் கூடப்பொறந்த தங்கச்சி. வீட்டுல நான் பெரியவன், வண்டின்னு வந்தா அவதான் பெரியவ!"

முடக்கில் நடந்தது

அந்த ஜீப்பையே வாங்கிக்கொண்டு வந்த பிறகு முதல் ஹயர். மேல் டிவிஷன் பாதையில் செங்குத்தாக வளைந்து ஏறும் ஒரு முடக்கு உண்டு. எந்த வண்டியும் அங்கே மூச்சு வாங்கி நின்றுவிடும். அதனால் வேகம் குறைந்ததுமே சனங்கள் சொல்லாமல் கொள்ளாமல் குதித்து இறங்குவார்கள். ஒருவர் சில்லுக்குப் பின்னால் கல் வைப்பார், மற்றவர்கள் ஏறி நடப்பார்கள். தோட்டத்தில் வளர்ந்த எங்களுக்கெல்லாம் இது சின்ன வயதிலிருந்தே காலில் ஊறிய பழக்கம்.

அன்று மழை பெய்து ஓய்ந்திருந்தது. அண்ணன் முடக்குக்கு முன்னால் லீவரைப் போடக் கொஞ்சம் நிறுத்தினார். முன் சீட்டில் நான் மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். ஜீப் ஒரே மூச்சில் ஏறிவிட்டது! பெருமையோடு திரும்பிப் பார்த்தால் பின்னால் அரிசி மூட்டை மட்டும். சனங்கள் எல்லாரும் கீழே நிற்கிறார்கள். கிளினிக் போய் வந்த நிறைமாதக் கமலாக்காகூட இறங்கி நிற்கிறார். அவருடைய புருஷன் கையில் கல். அண்ணனின் முகம் சுருங்கிப்போனது. ஆளில்லாத வண்டி ஏறினால் அது பரீட்சையா? ஜீப்பை மெல்லக் கீழே இறக்கி எல்லாரையும் திரும்ப ஏற்றினார். "யாரும் இறங்கக் கூடாது!" என்று நான் சத்தம் போட்டேன்.

முழுப் பாரத்தோடு, சேற்றைக் கிழித்துக்கொண்டு, ஒரு தடவைகூட திணறாமல் ஜீப் மேட்டைத் தொட்டது. பிள்ளைகள் கூவினார்கள். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சேஸிஸ், எஞ்சின், அச்சு எல்லாவற்றையும் சோதித்துச் சரியென்று சொன்ன என்னை முழுசாக நம்பாதவர் அந்த வண்டியில் ஒரே ஒருவர்தான், அவரைப் பார்த்துத்தான் கமலாக்கா கெஞ்சினார்: "ஏங்க, இப்பவாச்சும் அந்தக் கல்ல மடியிலருந்து எறக்கி வைங்க!"