சுழியின் கையெழுத்து

அழைப்பிதழ்க் கடை வைத்து முன்னுக்கு வந்தவள் என்று அவளுக்குப் பெயர். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் யோசனை கேட்டு வருவார்கள். அவளும் சளைக்காமல் சொல்வாள். மூன்று மாதிரிக்கு மேல் காட்டாதே, காட்டினால் வாங்க வந்தவர்கள் வீட்டில் சண்டை மூண்டு ஆர்டரே நின்றுவிடும். அவசரம் என்று எவன் வந்தாலும் ஒருநாள் கூடுதலாகக் கேள். இப்படி நிறைய. கூட்டாளியோடு எப்படி ஒத்துப்போவது என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவாள்.

இவளுக்கும் ஒரு கூட்டாளி இருந்தாள். பள்ளியில் ஒரே பெஞ்சு. அந்தக் கூட்டாளி எந்த எழுத்தை எழுதினாலும் கூடுதலாக ஒரு சுற்று சுற்றிவிடுவாள் என்பதால் வகுப்பே அவளுக்குச் சுழி என்று பெயர் வைத்தது. சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருவரும் தொழிலைத் தொடங்கினார்கள். வருகிறவர்களை இவள் பேசியே வளைத்துப் போடுவாள், சுழி அழைப்பிதழைக் கையால் எழுதுவாள். அதை அச்சடித்துக் கொடுக்கும் அச்சகக்காரர் அவர்களுக்கு வைத்த பெயர் வாயும் கையும். இவள் தனியாகப் போனால், "வாய் மட்டும் வந்திருக்கு, கை எங்கம்மா?" என்பார்.

சுழி எழுதும் ழகரத்தின் வால் பக்கத்து எழுத்தின் அடியில் போய்ச் சாவகாசமாகப் படுத்துக்கொள்ளும். அந்த வாலுக்காகவே ஆட்கள் இரண்டு பஸ் மாறி வந்தார்கள்.

ஏழாவது வருஷம் சுழியின் மணிக்கட்டு வீங்கியது. பேனாவைத் தொடுவதைக் குறை, இல்லாவிட்டால் கை போய்விடும் என்றார் டாக்டர். கைவசம் முப்பத்தெட்டுக் கல்யாண ஆர்டர். சுழியின் எழுத்தையே கம்ப்யூட்டருக்கான எழுத்துருவாக மாற்றிவிடலாம் என்ற யோசனை அப்போது இவளுக்குத்தான் வந்தது.

"ஒரு தடவை எல்லா எழுத்தையும் எழுதிக் குடுத்துடுடி. அப்புறம் நீ கால்மேல கால் போட்டு உக்காரு. உன் எழுத்து தானா ஓடும்."

"நான் தூங்கும்போதுகூடவா?" சுழி சிரித்தாள். "அப்போ குறட்டையையும் பதிவு பண்ணிக்கோ."

மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொண்டு, கட்டம் போட்ட தாளில், ஒரு நாளைக்கு ஆறு எழுத்து. கி, கீ, கு, கூ. ஒத்தடம் கொடுத்துவிட்டு மறுபடி. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வடிவங்கள், ஒரு மாதம். யாரும் வற்புறுத்தவில்லை, சுழி ஆசையாகத்தான் எழுதினாள். இன்றைக்கும் இவளை அதிகம் அறுப்பது அதுதான்.

எழுத்துரு ஓடியது. ஒரு நாளைக்கு மூன்று அழைப்பிதழ் முடிந்த இடத்தில் இருபது முடிந்தது. வீட்டில் ஓய்வெடுத்துக் கை தேறிச் சுழி திரும்பி வந்தபோது அவள் மேசைமேல் அட்டை வெட்டும் மெஷின் உட்கார்ந்திருந்தது. "ஒரு வாரம் பொறுத்துக்கோடி, நகர்த்திடறேன்" என்றாள் இவள். நகர்த்தவில்லை. சுழி ஸ்டூலில் உட்கார்ந்து உறை ஒட்டினாள், பிழை பார்த்தாள்.

ஒருநாள் ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா வந்தார். இவள் இரண்டு மாதிரிகளை எடுத்து வைத்தாள். ஒன்று எழுத்துருவில் அடித்தது. மற்றது அன்று காலை சுழி ஆசைக்கு எழுதிப் பார்த்தது. அந்த அம்மா மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, அச்சடித்ததைத் தொட்டு, "இது ஒரே சீரா இருக்கு. அது கொஞ்சம் கோணலா தெரியுதே?" என்றார்.

வருகிறவர் சொல்வதற்கு ஆமாம் போட்டே பழகிய வாய். யோசிக்காமல் வந்தது: "கரெக்டா சொன்னீங்கம்மா. இதுதான் நீட்டா இருக்கு."

சுழி மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்தாள். பேனாவை மூடினாள். மாலைவரை உறை ஒட்டினாள். டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். "வரேன்டி" என்று கிளம்பியவள் மறுநாள் வரவில்லை.

திங்கட்கிழமை வந்துவிடுவாள் என்று இவள் நினைத்தாள். கல்யாண சீசன். போன் செய்தால், "பாக்கலாம்டி" என்று பதில் வரும். நேரில் போய்க் கேட்க ஒன்றரை வருஷம் ஆனது. அதற்குள் அவசரத்துக்கு என்று அச்சகக்காரருக்குக் கொடுத்த எழுத்துரு, அவரிடமிருந்து ஊரில் பாதிப் பேருக்குப் போயிருந்தது.

சுழி கண் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் பெயர் பதியும் வேலையில் இருந்தாள். எப்படியும் கையோடு கூட்டி வந்துவிட வேண்டும் என்று வழியெல்லாம் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டே இவள் போனாள்.

"வாடி வாயாடி. கண்ணுல என்ன?"

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. உன்னைக் கூட்டிட்டுப் போக வந்தேன். உனக்குன்னு புது மேசை போட்டிருக்கேன், ஜன்னலோரம்."

"எதுக்கு, உறை ஒட்டவா?"

"எழுதறதுக்குடி."

"தினமும் பஸ் இறங்கி நடந்து வரேன்ல? பல் டாக்டர் போர்டுல என் எழுத்து. பெயின்ட் கடையில என் எழுத்து. முக்குல ‘இங்கே குப்பை கொட்டாதீர்கள்’னு அதுவும் என் எழுத்து. நான் இவ்வளவு அழகா சொல்லியும் கொட்டிட்டுத்தான் போறாங்க."

இருவரும் சிரித்தார்கள். இவளுக்குத்தான் சிரிப்பு முதலில் நின்றது.

"இன்னைக்கே அழிச்சிடறேன்டி."

"ஊர்ல இருக்கற எல்லார் கம்ப்யூட்டர்லயும் போயா?"

ஒரு பெரியவர் வந்து பெயர் சொன்னார். சுழி பதிவேட்டில் எழுதினாள். இவள் எட்டிப் பார்த்தாள். சுற்று இல்லை, வால் இல்லை. குச்சி குச்சியாக, யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கக்கூடிய எழுத்து.

"என்னடி இது?"

"சேர்ந்த புதுசுல ஒரு நர்ஸ் கேட்டாங்க, ‘கல்யாணக் கார்டு எழுத்தைப் பாத்துப் பழகினீங்களா, அச்சு அசலா வருதே’ன்னு. அது என்னோடதுன்னு சொன்னா யாரு நம்புவா? மாத்திக்கிட்டேன்."

"சரி, இப்போ எழுதேன். எனக்காக, ஒரு வரி."

"வரலடி. வீட்ல எழுதிப் பாத்துட்டேன்." சுழி பதிவேட்டின் பக்கத்தைத் திருப்பினாள். "கொஞ்சம் தள்ளி நில்லு, பின்னால ஆள் நிக்கறாங்க."

கடைக்குத் திரும்பியதும் இவள் கம்ப்யூட்டரைத் திறந்தாள். எழுத்துருப் பட்டியலில் சுழி என்றே பெயர். அழிப்பதற்கு ஒரு நொடி போதும். வெள்ளிக்கிழமைக்குள் பதினான்கு கல்யாணம் அச்சுக்குப் போக வேண்டும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு முதல் அழைப்பிதழை எடுத்து, அதே எழுத்தில் அடிக்கத் தொடங்கினாள்.